மூன்று ஆபீசும் ஓர் அடிபம்பும்

பம்மலில் எனக்கு ஒரு வரிசை வீடு இருந்தது. மூன்று போர்ஷன், ஒரு கக்கூஸ், ஓர் அடிபம்பு. நெல் விளைந்த நிலத்தை அப்பா பிளாட் போட்டு விற்றது போக மிஞ்சியது அதுதான். எண்பத்தேழாம் வருஷ மழைக்கு முன்னால் மூன்று போர்ஷனுக்கும் ஒரே வாரத்தில் ஆள் வந்துவிட்டது. யாருமே வாடகையைக் குறைக்கச் சொல்லவில்லை. தண்ணீர் உப்பா, கரண்டு ஒழுங்காக வருமா என்றும் கேட்கவில்லை. தெருப்பக்கம் ஜன்னல் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்கள். காற்று வராமல் கொசு மட்டும் வருகிற ஜன்னல் அது. அதைப் பார்த்து முகம் மலர்ந்த மனிதர்களை அதற்கு முன்பு நான் கண்டதில்லை.

முதல் போர்ஷனுக்கு வந்தவர் பக்தவச்சலம். இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் என்றார். வந்து ஒரு வாரமாகியும் என்னைப் பாலிசி எடுக்கச் சொல்லவில்லை. அதிலேயே குட்டு உடைந்துவிட்டது. நடுப் போர்ஷனில் பொன்னுரங்கம். தோல் கம்பெனியில் ஃபோர்மேன் என்றார். தோல் வாடை துளியும் கிடையாது, பிரவுன் ஷூ மட்டும் முகம் பார்க்கிற மாதிரி மின்னும். கடைசிப் போர்ஷனில் யேசுதாசன். என்ன உத்தியோகம் என்று கேட்டதற்கு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சொல்றேன்" என்றார். இன்னும் சொல்லவில்லை.

பக்தவச்சலம் டில்லி ஆபீசுக்கு உளவு பார்க்கிறவர். பொன்னுரங்கம் மெட்ராஸ் ஆபீசுக்கு. யேசுதாசன் மூன்றாவது ஏதோ ஓர் ஆபீசுக்கு. அது எது என்று எனக்குக் கடைசிவரை தெரியாது, அவருக்கே தெரியுமா என்பதும் சந்தேகம். ஒருமுறை 'அவருக்கு' என்று மட்டும் விலாசம் எழுதிய கவர் ஒன்று வந்தது. தபால்காரர் கொஞ்சமும் யோசிக்காமல் யேசுதாசன் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனார்.

மூவரும் பார்க்க வந்தது எதிர் வீட்டைத்தான். அங்கே சவுரிமுத்து என்று ஒருவர் முன்னறையில் ரேடியோ, டி.வி. ரிப்பேர் கடை வைத்திருந்தார். பொல்லாத நேரம், அவருக்கு ஓர் ஆசை வந்தது. இலங்கை டி.வி. பம்மலில் தெரிய வேண்டும் என்ற ஆசை. மாடியில் பைப்பின் மேல் பைப்பாக வெல்டு வைத்து ஓர் ஆண்டெனா எழுப்பினார். உச்சிக்குப் போகிற காக்கை பாதி வழியில் ஒருதரம் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுத்தான் மேலே பறக்கும். அத்தனை உயரத்திலும் டி.வி.யில் வெறும் புள்ளிதான் தெரிந்தது. சவுரிமுத்து அந்தப் புள்ளிகளையே உற்றுப் பார்த்து, "இன்னா ஓனர் அண்ணா, கிரிக்கெட்டு மாரி கீது பாருங்க" என்பார். அந்தக் காலத்தில் இலங்கைப் பக்கம் காது நீட்டிய கம்பி எதுவானாலும் ஆபீஸ்களுக்குத் தூக்கம் போய்விடும். மூன்று ஆபீசும் தனித்தனியாகத் தூக்கத்தைத் தொலைத்து, தனித்தனியாக ஆள் அனுப்பின. ஒன்று அனுப்பியது இன்னொன்றுக்குத் தெரியாது.

தெருவுக்கோ முதல் வாரத்திலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. சவுரிமுத்துவின் மனைவி ஞானம்மாளுக்கு அதில் பெரிய நிம்மதி. கடைக்குப் புறப்படும்போது தெருவில் நின்று நடு ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுப்பாள்.

"பொன்னுரங்கம் சார்! தூங்கினுகீறீங்களா? மார்க்கெட்டு வரிக்கும் போய்ட்டு வந்துர்றேன். வூட்டப் பாத்துக்கோங்க."

"போய்ட்டு வாம்மா. அதானே நமக்கு வேல" என்பார் பொன்னுரங்கம், தன்னை மறந்து.

அந்தத் தெருவில் அப்போது யாரும் கதவைப் பூட்டுவதில்லை. கிறிஸ்துமசுக்கு மூன்று போர்ஷனுக்கும் ஞானம்மாள் வீட்டிலிருந்து கல்கல் பலகாரம் வந்தது. பக்தவச்சலம் ஊரிலிருந்து தன் அப்பாவின் வால்வு ரேடியோவைக் கொண்டு வந்து சவுரிமுத்துவிடம் ரிப்பேருக்குக் கொடுத்தார். உளவு பார்க்க ஒரு சாக்கு என்று ஆபீசுக்குச் சொல்லிக்கொண்டார். அந்த ரேடியோ நிஜமாகவே பாடவில்லை.

இனி அடிபம்பு. அந்தப் பம்பை ஒற்றை ஆளாக அடித்துக் குளிக்க முடியாது. கைப்பிடியை விட்டுவிட்டுக் குடத்தடிக்கு ஓடி வருவதற்குள் தண்ணீர் தரைக்குள் இறங்கிவிடும். ஒருவர் அடிக்க வேண்டும், இன்னொருவர் பிடிக்க வேண்டும். தனி ஆளாக வந்த மூவருக்கும் இதைத் தவிர வேறு வழியில்லை. முதல் நாள் மூவரும் ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் போல வாளியோடு நின்றார்கள். இரண்டாம் நாளும் அப்படியே நின்றார்கள். மூன்றாம் நாள் பக்தவச்சலத்தின் தலையில் சோப்பு நுரை, கண்ணைத் திறக்க முடியவில்லை. கைப்பிடியை யாரோ அடித்தார்கள். கண்ணைக் கழுவிவிட்டுப் பார்த்தால் யேசுதாசன்.

அதிலிருந்து ஆரம்பித்தது. தண்ணீருக்கு முறை வந்தது, பிறகு சமையலுக்கு முறை வந்தது, பிறகு ஜன்னலுக்கும் முறை வந்துவிட்டது. ஒருவர் எதிர் வீட்டைப் பார்ப்பார், மற்ற இருவரும் தூங்குவார்கள். மறுநாள் காலை பம்படியில், பார்த்தவர் பார்த்ததைச் சொல்வார். மூவரும் அவரவர் ஆபீசுக்கு எழுதி அனுப்புவார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியது போலத் தெரியக் கூடாதே! ஒருவர் 'மாலை ஐந்தே முக்கால்' என்றால் அடுத்தவர் 'விளக்கு வைக்கும் நேரம்' என்பார். யேசுதாசன் என்ன எழுதினாரோ, அவர் ஆபீசுக்கே வெளிச்சம்.

இந்தச் சமயத்தில்தான் சாலமோன் வந்து சேர்ந்தார். தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் சமூகவியல் விரிவுரையாளர். தென்னை உயரம், தடித்த கண்ணாடி, தோளில் ஜோல்னாப் பை. வேறு வேறு ஊர்க்காரர்கள் ஒரே போர்ஷன் வீட்டில் தண்ணீரை எப்படிப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்ய வந்தவர். துணி துவைக்கிற கல்லில் வாரத்தில் பாதி நாள் உட்கார்ந்திருந்தார். ஒருநாள் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"தனக்கோடி அண்ணா, இவங்க மூணு பேரும் ஒரே டிபார்ட்மெண்டா?"

"இல்ல சார். மூணும் வேற வேற. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கவே கூடாது."

"பேசிக்கிறாங்களே?"

"பேசாம எப்டி சார் தண்ணி புடிக்கிறது?"

அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். புதையல் எடுத்தவன் முகம். தண்ணீர்ப் பங்கீட்டை அப்படியே போட்டுவிட்டு உளவாளிகளைப் பிடித்துக்கொண்டார். அவர்களிடம் நேராக ஒன்றும் கேட்கவில்லை. அவர்களுக்காகப் பம்பை அடித்தார். அடிக்கிறவரிடம் யார் எதை மறைப்பார்கள்? உள்ளங்கை கொப்பளிக்கக் கொப்பளிக்கக் கேட்டுக்கொண்டார்.

எனக்கும் விளக்கினார். இந்த உளவுச் சங்கதியைப் பற்றி எழுதுகிற பெரிய மனிதர்கள் எல்லாரும் மேலேதான் பார்க்கிறார்களாம். எந்த அரசாங்கம் எந்த அரசாங்கத்தோடு ஒப்பந்தம் போட்டது, எந்தத் தலைவர் எவரை நம்பவில்லை என்று. கீழே இருக்கிற ஆட்களை ஒருவரும் பார்ப்பதில்லை.

"அண்ணா, டில்லி ஆபீஸ் ஆளுக்கு டில்லி ஆபீசரை விட மெட்ராஸ் ஆபீஸ் ஆள்தான் நெருக்கம். ரெண்டு பேருக்கும் ஒரே கொசு, ஒரே மாதிரி மேலதிகாரி, ஒரே மாதிரி லீவு கிடைக்காத கஷ்டம். இதுல ஒப்பந்தமே இல்ல. ஒருத்தன் குடத்த வெச்சா இன்னொருத்தன் கை தானா பம்புக்குப் போவுது. அவ்ளோதான்."

"இத எழுதி இன்னா சார் பண்ணப்போறீங்க?"

"இது வரைக்கும் யாரும் எழுதல அண்ணா" என்றார். அது ஒரு காரணமா என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. இன்றைக்கும் புரியவில்லை.

எண்பத்தொன்பது மாசி மாதம் ஒரு மத்தியானம் வெள்ளை அம்பாசடர் ஒன்று எதிர் வீட்டு வாசலில் வந்து நின்றது. சவுரிமுத்து அப்போது பக்தவச்சலத்தின் அப்பா ரேடியோவைப் பின்பக்கம் கழற்றிப் போட்டு ஈயம் வைத்துக்கொண்டிருந்தார். வந்தவர்கள் மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள்.

"ஒரு சின்ன விசாரணை. வந்துட்டுப் போயிடலாம்."

சவுரிமுத்து எதிர் ஜன்னலைப் பார்த்துச் சிரித்தார். "ஏஜெண்ட் சார், ஒரே ஒரு வால்வுதான் பாக்கி. சாயந்தரம் வந்து மாட்டிர்றேன்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். ஈயக்கோல் சூட்டோடு மேசையில் கிடந்தது. ஞானம்மாள்தான் சுவிட்சை அணைத்தாள்.

மூன்று ஜன்னலிலும் மூன்று தலைகள். அது மெட்ராஸ் ஆபீஸ் கார் என்று பக்தவச்சலம் நினைத்தார். டில்லி ஆபீஸ் கார் என்று பொன்னுரங்கம் நினைத்தார். யேசுதாசன் வேட்டியைத் தலை வரைக்கும் இழுத்துப் போர்த்திப் படுத்துவிட்டார்.

சாயந்தரம் வந்தது. மறுநாள் சாயந்தரமும் வந்தது. அதற்கடுத்த காலை ஞானம்மாள் நேரே பம்படிக்கு வந்து நின்றாள். மூவரும் வாளியோடு நின்றார்கள். சாலமோன் கைப்பிடியில் கை வைத்தபடி நின்றார். நானும் அங்கே இருந்தேன்.

"எங்கூட்டுக்காரர் எங்க?"

பக்தவச்சலம் வாளியைக் கீழே வைத்தார்.

"வருசக் கணக்கா எங்க வூட்டயே பாத்துகினு இருந்தீங்களே. அவரு தும்மினாக்கூட எழுதினீங்களே. இப்ப எங்க கீறாருன்னு மட்டும் தெரியாதா? இன்னாத்த பாத்தீங்க? சொல்லுங்க சார், இன்னாதான் பாத்தீங்க?"

பொன்னுரங்கத்துக்குத்தான் முதலில் தாங்கவில்லை. வாளியைத் தலைகீழாகக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"ஒண்ணும் பாக்கலம்மா. சத்தியமா ஒண்ணும் பாக்கல. இவருக்கு" என்று பக்தவச்சலத்தைக் காட்டினார். "இவருக்கு அஸ்ஸாம் பக்கம் மாத்தல் போட்டுடுவோம்னு ஆபீஸ்ல சொல்ட்டான். ஒரு வருசமா ஒண்ணியும் காணோம், இன்னாத்துக்கு அங்க குந்திகினுகீறேன்னு கேட்டான். இவரு வூட்டம்மா திண்டிவனத்துல மாசமா கீது. யாரோ ஒருத்தன் சவுரிமுத்த பாக்க வந்தான்னு எழுதிட்டாரு. டில்லிக்காரன் எழுதி நான் எழுதலன்னா எங்காபீஸ்ல என்னிய கிழிச்சிடுவான். நானும் எழுதினேன்."

எல்லாரும் யேசுதாசனைப் பார்த்தோம். அவர் தலையை ஆட்டினார். அவரும் எழுதியிருக்கிறார்.

பக்தவச்சலம் சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "ஒரு மாசம் தள்ளிப்போவும்னுதான் நெனச்சேன்க்கா. புடிப்பாங்கன்னு நெனக்கல."

ஞானம்மாள் அவரைத் திட்டவில்லை. "உங்க ரேடியோவத்தான் சார் செய்துகினு இருந்தாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். பக்தவச்சலம் அன்று குளிக்கவில்லை.

சாலமோனுக்குத்தான் உற்சாகம் வந்தது. பாவம், படித்தது எல்லாம் உதவப்போகிறது என்று நினைத்தார். "மேல என்ன நினைச்சிருப்பாங்க? மூணு ஆபீசும் தனித்தனியா ஒரே விஷயத்தச் சொல்லுது, அதனால உண்மைன்னு நினைச்சிருப்பாங்க. மூணும் ஒரே வாயிலேருந்து வந்ததுன்னு தெரிஞ்சா விட்டுடுவாங்க. இதச் சொல்ல வேண்டியதுதான். நீங்களும் வாங்க அண்ணா, பம்புக்குச் சாட்சியா."

பல்லாவரத்தில் ஆட்டோ பிடித்தோம். எங்கே என்று எப்படிச் சொல்வது என்று தயங்கினோம். "போர்டு இல்லாத ஆபீஸா சார்? ஏறுங்க" என்றார் ஆட்டோக்காரர். நேரே ஒரு பங்களா வாசலில் இறக்கினார்.

கதவு கதவாக ஐந்தாறு நாள் நடந்த பிறகு ஒரு அறைக்குள் விட்டார்கள். மூன்று அதிகாரிகள் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தார்கள், ஆபீசுக்கு ஒருவராக. அன்றைக்குத்தான் ஒருவரை ஒருவர் முதன்முதலாகப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. நாற்காலியை ஒருவருக்கொருவர் நகர்த்திக் கொடுத்துக்கொண்டார்கள்.

சாலமோன் பிரமாதமாகப் பேசினார். அடிபம்பைச் சொன்னார், முறையைச் சொன்னார், வராத ஆள் வந்த கதையைச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. டில்லி அதிகாரி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மூணு ரிப்போர்ட்டுலயும் சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கே? ஒருத்தர் குடை வெச்சிருந்தான்றார். இன்னொருத்தர் கொஞ்சம் நொண்டினான்றார். அதனாலதான் நம்பினோம்."

"காப்பி அடிச்சது தெரியக் கூடாதுன்னு சேர்த்தது சார்."

அவர்கள் நம்பிவிட்டார்கள். அதை நான் கண்ணால் பார்த்தேன். மூன்று முகத்திலும் ஒரே நேரத்தில் ரத்தம் வற்றியது.

மெட்ராஸ் அதிகாரி சொன்னார்: "மூணு பேரும் ஊர்ஜிதம்னு மேல எழுதியாச்சு."

டில்லி அதிகாரி: "மேல போனது திரும்பி வராது."

மூன்றாமவர் டீயை ஆற்றிக் குடித்தார். பிறகு முன்னால் இருந்த தாளை எடுத்து நிதானமாகப் படித்தார். "வந்தவன் நல்ல உயரம். தடித்த கண்ணாடி. தோளில் ஜோல்னாப் பை."

மூவரும் நிமிர்ந்து சாலமோனைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். வராத ஒருவனுக்கு முகம் தேவைப்பட்டபோது பக்தவச்சலத்தின் கண் முன்னால் துவைக்கிற கல்லில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

"சார் அந்தத் தெருவுக்கு அடிக்கடி வருவீங்களோ?" என்றார் மூன்றாமவர்.

சாலமோனின் கை தானாகப் பையை மடிக்குக் கீழே தள்ளியது. "ஆராய்ச்சிக்கு..." என்றார்.

"காலேஜ்ல தெரியுமா?"

"தெரியாது."

"பரவால்ல. எங்களுக்கும் தெரியாது. நீங்க இங்க வரவே இல்ல. டீ குடிங்க."

பிறகு நான்தான் கேட்டேன். "அய்யா, சவுரிமுத்து எங்க?"

"எங்ககிட்ட இல்லியே" என்றார் டில்லிக்காரர், மெட்ராஸ்காரரைக் காட்டி. "எங்ககிட்டயும் இல்ல" என்றார் அவர், மூன்றாமவரைக் காட்டி. மூன்றாமவர் டில்லிக்காரரைக் காட்டினார். மூவர் குரலும் ஒரே தாளத்தில் இருந்தது. அதுவரை ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்க்காதவர்களுக்கு ஒரு டீ குடிக்கிற நேரம் போதுமாக இருந்தது.

அந்த வாரமே மூன்று போர்ஷனும் காலி. சாமானை மூவரும் ஒரே டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பக்தவச்சலம் ரேடியோவைக் கேட்கவில்லை.

ஞானம்மாள் மாதாமாதம் மூன்று ஆபீசுக்கும் போய் வந்தாள். ஒரு இடத்திலும் விரட்டவில்லை. உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, அடுத்த ஆபீசுக்கு எந்த பஸ் பிடிக்க வேண்டும் என்று அன்பாகச் சொல்லி அனுப்பினார்கள். ஆரம்பத்தில் சாலமோன் கூடப் போனார். பிறகு வாசல்வரை போனார். பிறகு தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் எங்களைக் கண்டால் டைம் டேபிளைப் படிக்க ஆரம்பித்தார். ஜோல்னாப் பை போய்ப் பெட்டி வந்தது. டாக்டர் பட்டமும் வந்தது, சுற்று வட்டாரக் கல்யாண முறைகளைப் பற்றி ஏதோ எழுதினார் என்று கேள்வி. அவர்மேல் கோபப்பட எனக்கு வரவில்லை. அந்த அறையில் இருந்தவன் நான்.

ஆண்டெனாவை யாரும் இறக்கவில்லை. ஒரு புயலில் அதுவாகச் சாய்ந்து தென்னைமேல் விழுந்தது. ஞானம்மாள் முன்னறையில் இட்லி மாவு விற்றாள். சவுரிமுத்துவின் அலமாரியில் மட்டும் கை வைக்கவில்லை. முதுகு திறந்தபடி அந்த ரேடியோ அங்கேயே நின்றது, ஒரு வால்வு மாட்டாமல்.

தொண்ணூற்றைந்தோ ஆறோ, ஒரு பிற்பகல் பக்தவச்சலம் வந்தார். தலை நரைத்திருந்தது. நான் ஞானம்மாள் கடை வாசலில் நின்று மாவு வாங்கிக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்துக் கும்பிட்டார், அவளைப் பார்க்காமல் பேசினார்.

"அக்கா, அப்பா படுத்த படுக்கையா இருக்காரு. அந்த ரேடியோவக் கேக்கறாரு. ரிப்பேர் ஆகாட்டியும் பரவால்ல. கண்ணால பாத்தாப் போதும்றாரு."

ரேடியோ அவள் தலைக்கு நேர் பின்னால் இருந்தது. அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். ஞானம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெஞ்சைத் துடைத்தாள்.

"குந்துங்க சார். தண்ணி குடிக்கிறீங்களா?"

"வேணாம்க்கா. ரேடியோ..."

"எங்ககிட்ட இல்லியே சார். ஓனர் அண்ணாகிட்ட கேட்டுப் பாருங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். நான் மாவுப் பாத்திரத்தை மூடினேன்.

"எங்கிட்ட ஏது சார்? மாவு மில்லுல கேட்டுப் பாருங்க. நேராப் போனா தெருக்கோடில சோத்தாங்கைப் பக்கம் கீது. வெயிலு, குடை வேணும்னா எடுத்துகினு போங்க."

அவர் கண் அலமாரியிலேயே இருந்தது. கையை நீட்டினால் எடுத்துவிடலாம், நீட்டவில்லை. குடையும் வேண்டாம் என்றார். நான் சொன்ன திசையிலேயே நடந்தார்.

ஞானம்மாள் அதே துணியால் ரேடியோவின் மேல் தூசியைத் தட்டினாள். பின்பக்கத்தைத் தொடவில்லை.

"மில்லுல இன்னா சொல்வாங்க அண்ணா?"

"ரேஷன் கடைக்கு அனுப்புவாங்க."

"நீங்க சொல்லி வெச்சிருக்கீங்களா?"

"இதுக்கெல்லாம் சொல்லி வெக்கணுமா, ஞானம்மா" என்றேன்.

தெருக்கோடியில் மில் வாசலில் அவர் நிற்பது தெரிந்தது. உள்ளேயிருந்து ஒரு கை நீண்டு ரேஷன் கடைப் பக்கம் காட்டியது.